கொழும்பில குடிய விடுறதுக்கு ஒரு குழு தேடுறதும் முதல் நாள் உள்ள போய் இருக்கிறதும்

வெள்ளவத்தையில இருந்து கொட்டாஞ்சேனை, முகத்துவாரம் வரைக்கும் எங்கட ஆக்களுக்குள்ள குடிய நிப்பாட்ட வேணும் எண்டு மனசார நினைக்கிறவை கனபேர் இருக்கினம். ஆனா அதுக்கெண்டு கூடி இருந்து கதைக்கிற இடங்கள் இருக்கு, அங்க காசு கட்டத் தேவையில்ல, முழுப்பேர் சொல்லத் தேவையில்ல, உள்ள இருக்கிற எல்லாரும் உங்கள மாதிரியே குடிச்சுக் கஷ்டப்பட்ட ஆக்கள்தான் எண்டு தெரிஞ்சவை குறைவு. தெரிஞ்சவையும் ரெண்டு காரணத்தால போறதில்ல. ஒண்டு, தெரிஞ்ச ஆரும் கண்டா என்ன செய்யிறது. மற்றது, அங்க சிங்களத்திலயும் இங்கிலீசிலயும்தானே கதைப்பினம், எனக்கு என்ன விளங்கப் போகுது எண்டது. ரெண்டுக்கும் வழி இருக்கு. நானும் அப்பிடி ஒரு குழுவில இருக்கிற ஆள்தான், புதுசா வாற தமிழ் ஆக்களுக்குப் பக்கத்தில இருந்து மெதுவா மொழிபெயர்த்துச் சொல்லுறதும் செய்யிறனான், அதால அவை என்னென்னத்துக்குப் பயப்பிடுவினம், வாசல்ல நிண்டு என்ன கேப்பினம் எண்டு எனக்குத் தெரியும்.

குழுவப் பற்றிச் சொல்ல முதல் ஒரு விசயம். இத மட்டும் தயவு செய்து தாண்டிப் போகாதேங்கோ. நீங்கள் நாளாந்தம் குடிக்கிற ஆளா, காலமை எழும்பினா கை நடுங்குதா, வேர்க்குதா, ஒரு வாய் உள்ள போனாத்தான் அந்த நடுக்கம் நிக்குதா? அப்பிடியெண்டா "நாளையில இருந்து ஒரு துளியும் இல்ல" எண்டு வீட்டுக் கதவப் பூட்டிப்போட்டு தனியா நிப்பாட்டப் போகாதேங்கோ. கன காலம் குடிச்ச உடம்பில சாராயம் சட்டெண்டு நிண்டா, கடைசியாக் குடிச்சு ஆறேழு மணித்தியாலத்தில இருந்தே நடுக்கம், சத்தி, படபடப்பு தொடங்கும், முதல் ரெண்டு நாளுக்குள்ள வலிப்பு வரலாம், ரெண்டாம் நாளுக்கும் நாலாம் நாளுக்கும் இடையில சிலருக்கு இல்லாத ஆக்கள் தெரியிறது, இல்லாத சத்தம் கேக்கிறது, எங்க இருக்கிறம் எண்டே தெரியாமப் போறது எல்லாம் வரும். அது உயிருக்கே ஆபத்தான நிலை. மனசு பலவீனம் எண்டோ பேய் பிடிச்சது எண்டோ நினைச்சு ஐயரிட்டயும் பாதரிட்டயும் கூட்டிக்கொண்டு ஓடுற நேரம் இல்ல அது, ஆஸ்பத்திரிக்குப் போற நேரம். 1990க்கு கோல் எடுத்தா சுவசெரிய அம்புலன்ஸ் வரும், அதுக்குக் காசு இல்ல. அந்தளவுக்கு வர முதலே தேசிய வைத்தியசாலை கிளினிக்கிலயோ, முல்லேரியாவில இருக்கிற தேசிய மனநல நிறுவனத்திலயோ, தெரிஞ்ச எம்பிபிஎஸ் டொக்டரிட்டயோ போய் உள்ளத உள்ளபடி சொல்லுங்கோ, ஒரு நாளைக்கு எவ்வளவு, எத்தின வருசமா, கடைசியா எப்ப எண்டு. அரைப்போத்தல கால்போத்தல் எண்டு குறைச்சுச் சொன்னா டொக்டர் குடுக்கிற மருந்தும் குறைஞ்சுதான் இருக்கும். நடுக்கத்த அடக்கிறதுக்கு சில நாளைக்கு மருந்தும், விற்றமின் பி1ம் குடுப்பினம், அதுக்குப் பிறகு உடம்பு ஒரு நிலைக்கு வந்திடும். குழு எண்டது மருந்துக்குப் பதில் இல்ல, ரெண்டும் சேந்துதான் வேலை செய்யும்.

சரி, இனி எங்க தேடுறது.

உலகம் முழுக்கத் தெரிஞ்சது ஏஏ, அதாவது அல்கஹோலிக்ஸ் அனோனிமஸ். 1935ல அமெரிக்காவில ஒஹையோ மாநிலத்து அக்ரன் எண்ட ஊரில ரெண்டு குடிகாரர், ஒருத்தர் பங்குச்சந்தை ஆள், மற்றவர் சத்திரசிகிச்சை டொக்டர், ரெண்டுபேரும் ஒருத்தரோட ஒருத்தர் மனசு விட்டுக் கதைச்சு அதில இருந்து தொடங்கினது. கொழும்பிலயும் ஏஏ மீட்டிங் நடக்குது. ஆனா ஒண்டு விளங்கிக்கொள்ளுங்கோ, ஏஏக்கு எண்டு போர்ட் போட்ட கட்டிடம் இருக்காது, ஒரு சேர்ச் ஹோல், ஒரு நிலையத்தின்ர பின் அறை எண்டு இரவல் இடத்திலதான் கூடுறது, அதால இடமும் நேரமும் மாறிக்கொண்டே இருக்கும். ஆரோ எப்பவோ போட்ட விலாசத்த நம்பி பஸ் ஏறாதேங்கோ. முதல்ல போன். கூகிள்ல ஏஏ ஸ்ரீலங்கா எண்டு இங்கிலீசில அடிச்சுப் பாருங்கோ, இல்லாட்டி ஏஏ டொட் ஓர்க் வெப்சைட்டில ஒவ்வொரு நாட்டுக்கும் ஆரோட தொடர்பு கொள்ளுறது எண்டு பாக்கலாம், கிடைக்கிற நம்பருக்கு எடுத்துக் கதைச்சு அந்தக் கிழமை மீட்டிங் கட்டாயம் நடக்குதா எண்டு உறுதிப்படுத்திப்போட்டு வெளிக்கிடுங்கோ.

அடுத்தது மெல் மெதுர. இது சுமித்ரயோவின்ர ஒரு பகுதி. தற்கொலை எண்ணத்தோட இருக்கிறவைக்குக் காது குடுக்கிறதுக்கெண்டு 1974ல தொடங்கின அந்தச் சுமித்ரயோதான், கொழும்பு 7 ஹோர்ட்டன் பிளேஸ்ல இருக்கிறது. மெல் மெதுர குடிக்கும் போதைப்பொருளுக்கும் எண்டே இருக்கிற சேவை, காசு வாங்கிறதில்ல, ரகசியம் காப்பினம். எனக்குக் கேட்டா, நேர குழுவுக்குப் போகக் கூச்சமா இருக்கிறவை முதல்ல இப்பிடி ஒரு இடத்தில ஒருத்தரோட தனியா இருந்து கதைச்சுப்போட்டு, அவையிட்டயே "எனக்குக் கிட்ட எந்தக் குழு இருக்கு" எண்டு கேட்டுக்கொண்டு போறது நல்லது எண்டுதான் சொல்லுவன். வழி தெரிஞ்ச ஆள் அனுப்பி வைக்கிறதும் நாங்களாத் தேடிப் போறதும் ஒண்டில்ல.

போன்ல மட்டும் முதல்ல கதைக்க விரும்பினா, 1926 தேசிய மனநல நிறுவனத்தின்ர நம்பர், இரவு பகல் எந்த நேரமும் எடுக்கலாம், தமிழ்லயும் கதைக்கலாம். 1927 தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின்ர நம்பர், போதைப்பொருள் பக்கம்தான் அவைக்குக் கூட வேலை, ஆனா ஆலோசனை கேக்கலாம். 1333ம் இருக்கு, மனசு உடைஞ்சு போய் இருக்கிற நேரம் ஆரோடயாவது கதைக்க வேணும் எண்டா அது.

கோல் எடுக்கிறதுதான் கனபேருக்கு மலையா நிக்கிறது. நம்பர அடிச்சுப்போட்டு ரிங் போக முதல் கட் பண்ணுறவை எத்தினை பேர். அதுக்குச் சொல்லுறன், என்ன கதைக்கிறது எண்டத முதலே ஒரு துண்டில எழுதி வையுங்கோ. இவ்வளவுதான் தேவை: "வணக்கம், நான் குடிய நிப்பாட்ட விரும்புறன், இந்தக் கிழமை மீட்டிங் எங்க, எத்தினை மணிக்கு? தமிழ்ல கதைக்கிற ஆக்கள் வருவினமா? வாசல்ல ஆரும் என்னைச் சந்திக்க ஏலுமா?" அந்தக் கடைசிக் கேள்விய மறக்காமக் கேளுங்கோ. அந்தப் பக்கம் போன் தூக்கிறவரும் ஒரு காலத்தில நடுங்கின கையோட நம்பர் அடிச்சவராத்தான் இருப்பார், வாசல்ல நிக்கச் சொன்னா நிப்பார். குரல் நடுங்கினா நடுங்கட்டும், வெறியில எடுத்தாலும் பரவாயில்ல, ஆனா சொன்ன நேரத்த எழுதி வையுங்கோ, விடிய மறந்து போகும்.

மீட்டிங்கில ரெண்டு வகை இருக்கு. ஓப்பன் மீட்டிங் எண்டா ஆரும் வரலாம், மனுசி, அம்மா, அண்ணன், பாக்க விரும்புற டொக்டர்மார் கூட. குளோஸ்ட் எண்டா குடிப்பிரச்சினை இருக்கிறவை மட்டும். துணைக்கு ஒருத்தரக் கூட்டிக்கொண்டு போறது எண்டா எது எண்டு கேட்டுப்போட்டுப் போங்கோ. சேருறதுக்கு ஒரே ஒரு தகுதிதான், குடிய விட வேணும் எண்ட விருப்பம். ஃபோர்ம் இல்ல, ஐடென்டிட்டி கார்ட் இல்ல, எந்தச் சமயம் எந்த ஊர் எண்ட கேள்வி இல்ல. உண்டியல் மாதிரி ஒண்டு கடைசியில சுத்தி வரும், ஹோல் வாடகைக்கும் தேத்தண்ணிக்கும், இருந்தாப் போடுறது இல்லாட்டி விடுறது, முதல் நாள் வந்தவையப் போட வேண்டாம் எண்டும் சில குழுவில சொல்லுவினம். வெளி ஆக்களிட்ட காசு வாங்கிறதில்ல எண்டது ஏஏயின்ர கட்டுப்பாடே. அதால ஆரும் உங்களிட்ட "சேருறதுக்கு இவ்வளவு, மாசம் இவ்வளவு" எண்டு கேட்டா அது வேற எதுவோ. பணம் கட்டித் தங்கிற புனர்வாழ்வு இல்லங்களும் இருக்கு, அது தனிக் கதை, அங்க போறதெண்டா காசு குடுக்க முதல் டொக்டர் வந்து பாக்கிறவரா, வீட்டுக்காரர் வந்து சந்திக்க விடுவினமா, ஆள் தன்ர விருப்பத்தில வெளிய வர ஏலுமா எண்டு மூண்டையும் கேளுங்கோ, ஒண்டுக்குக் கூட நேர் பதில் வராட்டி திரும்பி வாங்கோ.

இருந்து கதைச்சா குடி போயிடுமா எண்டு கேக்கிறவை இருக்கினம், நியாயமான கேள்விதான். 2020ல கொக்ரேன் எண்ட மருத்துவ ஆய்வுத் தொகுப்பில, 27 ஆய்வு, 10,565 பேர எடுத்துப் பாத்து எழுதினவை. குடிய முழுசா விட்டு நிலைச்சு நிக்கிற விசயத்தில, ஏஏயும், ஆக்கள ஏஏயில சேத்து விடுறதுக்கெண்டு செய்யிற சிகிச்சையும் மற்ற மனநலச் சிகிச்சைகளுக்குச் சமனா, பல இடத்தில அதவிட நல்லா வேலை செய்யுது எண்டுதான் முடிவு வந்தது. எனக்குத் தெரிஞ்ச காரணம் சாதாரணமானது. டொக்டர மாசத்தில ஒருக்காத்தான் பாப்பம், சாராயக்கடைய ஒவ்வொரு நாளும் தாண்டிப் போறம், இடையில இருக்கிற அந்த நாளுக்கெல்லாம் ஆரோ ஒரு ஆள் வேணும்.

போற நாள்

கந்தோரால நேர போற மாதிரி மீட்டிங்க எடுக்கிறது நல்லது, வீட்ட போய் குளிச்சு சாப்பிட்டுப்போட்டுப் போவம் எண்டா கதிரைய விட்டு எழும்ப மாட்டியள். காலி வீதி பின்னேரம் ஐஞ்சு ஆறு மணிக்கு எப்பிடி இருக்கும் எண்டு சொல்லத் தேவையில்ல, 100ம் 101ம் நிரம்பி வழியும், வழியில நிண்டு பிந்தினா "இனி என்னத்துக்கு" எண்டு திரும்புற எண்ணம் வரும், அதால ஒரு அரை மணித்தியாலம் முந்தியே வெளிக்கிடுங்கோ, இல்லாட்டி பிக்மீல ஓட்டோ ஒண்டு போடுங்கோ. பிந்திப் போனாலும் உள்ள போங்கோ. ஆரும் திரும்பிப் பாத்து முறைக்க மாட்டினம், பின்வரிசையில கதிரை இருக்கும்.

குடிச்சிருந்தா போகலாமா? போகலாம், கன இடத்தில உள்ள இருக்க விடுவினம், ஆனா கதைக்காம கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கச் சொல்லுவினம். சத்தம் போட்டு மற்றவையக் குழப்பினா ஒருத்தர் மெதுவா வெளியில கூட்டிக்கொண்டு போய் இருத்தி வைப்பார். முழு நிதானமா வந்தாத்தான் வரலாம் எண்டா இங்க இருக்கிற பாதிப்பேர் முதல் நாள் வந்தே இருக்க மாட்டினம்.

உள்ள என்ன நடக்கும் எண்டா, ஒரு மணித்தியாலம் அல்லது ஒண்டரை. வட்டமாவோ வரிசையாவோ கதிரை. நடத்திறவர் ஒருத்தர் தொடங்கி வைப்பார், அவர் தலைவர் இல்ல, அண்டைக்கு அவற்ற முறை. ஏஏ எண்டா என்ன எண்டு ஒரு சின்னப் பந்தி வாசிப்பினம், குடிய விட்டு நிக்கிறதுக்கு ஏஏ காட்டுற வழியான 12 படியையும் வாசிப்பினம், புதுசா ஆரும் வந்திருக்கினமா எண்டு கேப்பினம். கை உயர்த்த விருப்பமெண்டா உயர்த்துங்கோ, முதல் பேர் மட்டும் சொன்னாக் காணும், அதையும் மாத்திச் சொன்னாலும் ஒருத்தரும் கேக்க மாட்டினம். பிறகு ஒருத்தர் தன்ர கதையச் சொல்லுவார், எப்பிடி இருந்தன், என்ன நடந்தது, இப்ப எப்பிடி இருக்கிறன் எண்டு. அதுக்குப் பிறகு ஒவ்வொருத்தரா. ஒருத்தர் கதைக்கேக்க குறுக்க விழுந்து கேள்வி கேக்கிறதோ, "நீ இப்பிடிச் செய்திருக்க வேணும்" எண்டு புத்தி சொல்லுறதோ இல்ல. எங்கட வீடுகள்ல, ஒருத்தர் வாய் திறந்தா பத்துப்பேர் புத்தி சொல்லுற பழக்கத்தில வளந்த எங்களுக்கு இந்த அமைதி ஆரம்பத்தில விசித்திரமா இருக்கும், பிறகு அதுக்காகவே வரத் தோணும். உங்கட முறை வந்தா "இண்டைக்கு நான் கேக்கத்தான் வந்தனான்" எண்டு சொன்னா அடுத்தவருக்குப் போயிடும். அழுகை வந்தா அழுங்கோ, பெரிய பெரிய மீசைக்காரர் எல்லாம் அழுத கதிரைதான் அது. முடிய ஒரு சின்னப் பிரார்த்தனை, பிறகு பிளேன்டீயும் பிஸ்கட்டும்.

அந்தப் பிளேன்டீக்கு நில்லுங்கோ. மீட்டிங் முடிஞ்ச உடன செருப்ப மாட்டிக்கொண்டு ஓடாதேங்கோ. உண்மையான கதை அங்கதான், ரெண்டு பேர் மூண்டு பேரா நிண்டு கதைக்கேக்கதான் "சம்பள நாளில நீங்கள் எப்பிடிச் சமாளிக்கிறனீங்கள்", "மனுசி இன்னும் நம்ப மாட்டன் எண்டுறா, என்ன செய்யிறது" எண்ட கேள்வி எல்லாம் வெளிய வரும். போன் நம்பர் குடுப்பினம், வாங்கி வையுங்கோ, அண்டைக்கு இரவே ஒரு மெசேஜ் போடுங்கோ, "வந்து சேந்திட்டன் அண்ணை" எண்டு ஒரு வரி. முதல் கோல சாதாரண விசயத்துக்கு எடுத்துப் பழகினாத்தான், கடை வாசல்ல நிக்கிற நேரம் அந்த நம்பருக்குக் கை போகும்.

மொழிப் பிரச்சினை

கொழும்பில மீட்டிங்குகள்ல கூடுதலா இங்கிலீசும் சிங்களமும்தான் கேக்கும், அத மறைக்கத் தேவையில்ல. ஆனா நீங்கள் தமிழ்லயே கதைக்கலாம். ஆருக்கும் விளங்காதே எண்டு நினைக்காதேங்கோ, தமிழ் தெரிஞ்ச ஒருத்தர் அநேகமா இருப்பார், அவர் ரெண்டு வரியில சொல்லுவார், இல்லாட்டியும் பரவாயில்ல, உங்கட வாயால உங்கட மொழியில உண்மையச் சொல்லுறதுதான் முக்கியம். அரைகுறைச் சிங்களத்தில சொல்லப் போனா, சொல்லத் தெரிஞ்சதத்தான் சொல்லுவம், சொல்ல வேண்டியதச் சொல்ல மாட்டம்.

தமிழ்ல கேட்டே ஆக வேணும் எண்டா ஒன்லைன் இருக்கு. தமிழ்நாட்டில ஏஏ நல்லா வேரூண்டி இருக்கு, தமிழ்ல மீட்டிங் நடக்குது. ஏஏயின்ர ஒன்லைன் இன்டர்குரூப் வெப்சைட்டில மொழி வாரியாத் தேடலாம், தமிழ் எண்டு போட்டுப் பாருங்கோ, சூமில நடக்கிறது கூட. இலங்கைக்கும் இந்தியாவுக்கும் ஒரே நேரம் எண்டபடியா கணக்குப் பாக்கத் தேவையில்ல, அங்க இரவு எட்டு எண்டா இங்கயும் எட்டு. கமராவ ஓஃப் பண்ணலாம், பேர மாத்தி வைக்கலாம், ஹெட்போன் போட்டுக்கொண்டு மொட்டை மாடியில இருந்து கேக்கலாம். ஆனா ஒன்லைன மட்டுமே வைச்சுக்கொண்டு இருக்காதேங்கோ எண்டுதான் என்ர கருத்து. கமரா ஓஃப்ல இருந்தா குடிச்சுக்கொண்டும் கேக்க ஏலும், நேர்ல ஒருத்தருக்குப் பக்கத்தில இருந்தா ஏலாது. ஒன்லைன்ல தமிழும், நேர்ல கொழும்பு மீட்டிங்கும் எண்டு ரெண்டையும் கலந்து போறவை நல்லா நிக்கினம்.

ஆரும் கண்டா?

வெள்ளவத்தையில ஒரு லேன்ல தும்மினா அடுத்த லேன்ல கேக்கும், அது தெரிஞ்ச விசயம். அதால முதல் கொஞ்ச நாளைக்கு உங்கட பகுதிக்கு வெளிய இருக்கிற மீட்டிங்குக்குப் போங்கோ, வெள்ளவத்தை ஆள் பொரளைப் பக்கமோ நுகேகொடைப் பக்கமோ, கொட்டாஞ்சேனை ஆள் தெகிவளைப் பக்கமோ எங்க நடக்குதோ அங்க. உள்ள தெரிஞ்ச ஆளக் கண்டாலும் யோசிச்சுப் பாருங்கோ, அவர் அங்க ஏன் வந்தவர்? நீங்கள் வந்த அதே காரணத்துக்குத்தான். இங்க கண்டதும் கேட்டதும் இங்கயே இருக்க வேணும் எண்டு ஒவ்வொரு மீட்டிங்கிலயும் சொல்லுவினம், அது சும்மா சம்பிரதாயம் இல்ல, எல்லாற்ற மானமும் ஒரே கயிற்றிலதான் கட்டி இருக்கு. அதுக்குப் பதிலா நீங்களும் அப்பிடியே இருக்க வேணும், றோட்டில கண்டா "அண்டைக்கு மீட்டிங்கில கண்டனே" எண்டு மற்றவைக்கு முன்னால சொல்லக் கூடாது, வீட்டிலயும் "இன்னாரும் வாறவர்" எண்டு சொல்லக் கூடாது.

இன்னொண்டையும் சொல்ல வேணும். நீங்கள் குடிக்கிறது ஊருக்குத் தெரியாது எண்டு நினைக்கிறீங்கள். லிஃப்டில கூட வாறவைக்குத் தெரியும், பக்கத்து பிளட்காரருக்குத் தெரியும், பிள்ளையின்ர பள்ளிக்கூட வான் ஓட்டுறவருக்கும் தெரியும்.

பொம்பிளையளுக்கு இது இன்னும் பாரமானது. எங்கட சமூகத்தில குடிக்கிற பொம்பிளை எண்டு ஒருத்தரும் இல்ல எண்ட மாதிரிக் காட்டிக்கொள்ளுவினம், அதாலயே அவை கதவுக்குள்ள தனியா அழிஞ்சு போகினம். தங்கச்சி, அக்கா, நீங்கள் ஆரும் இத வாசிக்கிறீங்கள் எண்டா, போன் எடுக்கேக்க "பொம்பிளையள் வாற மீட்டிங் எது, ஒரு பொம்பிளையோட கதைக்க ஏலுமா" எண்டு நேர கேளுங்கோ. நேர்ல சரிவராட்டி ஒன்லைன்ல பொம்பிளையளுக்கு மட்டும் எண்டே மீட்டிங் இருக்கு, அங்க இருந்து தொடங்குங்கோ.

கடவுள் எண்டு கனக்கச் சொல்லுவினமே, எனக்குச் சரிவருமா எண்டும் கேப்பினம். 12 படியில கடவுள் எண்ட சொல் வரும், உண்மை. ஆனா "நாங்கள் விளங்கிக்கொண்ட மாதிரியான கடவுள்" எண்டுதான் அதில இருக்கு. ஹோல் சேர்ச்சில இருந்தாலும் அது சேர்ச்சின்ர கூட்டம் இல்ல. நெத்தியில திருநீறோட வாறவர், கொச்சிக்கடை அந்தோனியாருக்கு நேத்தி வைச்சிட்டு வாறவர், தொழுதிட்டு நேர வாறவர், ஒண்டையும் நம்பாதவர் எல்லாரும் ஒரே வரிசையில இருப்பினம், நம்பாதவருக்கு அந்தக் குழுவின்ர பலமே போதும் எண்டு சொல்லுவினம். அதுவும் ஒத்துவராட்டி ஸ்மார்ட் ரிக்கவரி எண்டு வேற ஒரு முறை இருக்கு, 1994ல தொடங்கினது, கடவுள் கதை இல்ல, ஆசை வாற நேரம் மனசையும் பழக்கத்தையும் எப்பிடிக் கையாளுறது எண்டு பயிற்சி மாதிரிப் போகும், ஒன்லைன்ல இங்கிலீசில சேரலாம்.

ஒரு மீட்டிங்க மட்டும் பாத்துப்போட்டு முடிவு எடுக்காதேங்கோ. ஒவ்வொரு குழுவும் ஒவ்வொரு மாதிரி, ஒண்டில வயசானவை கூட, ஒண்டில பெடியள் கூட, ஒண்டில ஒரே ஆள் அரை மணித்தியாலம் கதைப்பார். ஒண்டு பிடிக்காட்டி அடுத்ததுக்குப் போங்கோ, பிடிச்ச ஒண்டு கிடைச்ச உடன அத விடாமப் பிடியுங்கோ, முதல் மூண்டு மாசம் ஏலுமான அளவு கூடப் போங்கோ. கொஞ்சம் பழகின பிறகு ஸ்பொன்சர் எண்டு ஒருத்தரக் கேட்டு எடுக்கிறது. அவர் உங்களுக்கு முன்னால அந்தப் படியள ஏறின ஆள், இரவு பதினொண்டுக்கும் போன் எடுக்கலாம். நல்லா இங்கிலீஷ் கதைக்கிறார், நல்ல உத்தியோகம் எண்டு பாத்துத் தெரிவு செய்யாதேங்கோ, அவற்ற வீட்டில இப்ப சந்தோசம் இருக்கா எண்டு பாருங்கோ. ஆம்பிளைக்கு ஆம்பிளை, பொம்பிளைக்குப் பொம்பிளை எண்டது வழமை.

கலண்டர எடுத்து முதலே அடையாளம் வைக்க வேண்டிய நாளுகள் இருக்கு. போயா நாளில கடை பூட்டு, அதுதான் பாதுகாப்பு எண்டு நினைக்கிறவை, போயாவுக்கு முதல் நாள் பின்னேரம் கடை வாசல்ல நிக்கிற லைன மறந்து போயிடுவினம். அந்த முதல் நாள்தான் மீட்டிங் தேவை. மார்ச்சில பிக் மேட்ச், ஏப்ரல் வருசம், தீபாவளி, டிசம்பர் 31, கந்தோர் ட்ரிப், வெளிநாட்டில இருந்து மச்சான் டியூட்டி ஃப்ரீ போத்தலோட வாற நாள். கலியாண வீட்டில பின்பக்கம் கார் பார்க்கில டிக்கி திறந்திருக்கும், அந்தப் பக்கம் போகாம சாப்பிட்டு மொய்யக் குடுத்திட்டு வாங்கோ. செத்த வீடு இன்னும் கஷ்டம், இரவு முழிச்சிருக்கிறம் எண்டு பெடியள் ஒரு பக்கம் கூடுவாங்கள், துக்கமும் சேந்திருக்கும், அங்க இருந்தே குழுவில ஒருத்தருக்கு கோல் எடுங்கோ. "மருந்து எடுக்கிறன், டொக்டர் வேண்டாம் எண்டவர்" எண்டு ஒரு வசனத்த மனப்பாடம் பண்ணி வையுங்கோ, எங்கட ஆக்கள் டொக்டர் சொன்னா மட்டும் வற்புறுத்த மாட்டினம்.

வீட்டில இருக்கிறவைக்கு

ஆள் போக மாட்டன் எண்டாலும் நீங்கள் போகலாம். குடிக்கிறவரின்ர வீட்டுக்காரருக்கு எண்டே அல்-அனோன் எண்ட குழு இருக்கு, 1951ல தொடங்கினது, மனுசிமார், அம்மாமார், பிள்ளையள் கூடிக் கதைக்கிறது. நேர்ல கிட்ட இல்லாட்டி அதுவும் ஒன்லைன்ல இருக்கு. மெல் மெதுர மாதிரி இடத்திலயும் குடும்பத்து ஆக்கள் போய்க் கதைக்கலாம். போத்தல ஒளிக்கிறது, சிங்கில ஊத்துறது, கந்தோருக்கு "அவருக்குக் காய்ச்சல்" எண்டு பொய் சொல்லுறது, இதெல்லாத்தையும் வருசக்கணக்காச் செய்து களைச்ச ஆக்கள்தான் அங்க இருப்பினம், உங்களுக்கு ஒண்டையும் விளங்கப்படுத்தத் தேவையில்ல. ஒரு எச்சரிக்கை மட்டும், குடிய மறக்க வைக்கிற மருந்து எண்டு ஆரும் தூளோ குளிசையோ தந்து, ஆளுக்குத் தெரியாம சோத்திலயோ தேத்தண்ணியிலயோ கலந்து குடுங்கோ எண்டா செய்யாதேங்கோ. டைசல்ஃபிராம் எண்ட குளிசை உண்மையிலயே இருக்கு, டொக்டர் குடுக்கிறது, ஆனா அது உள்ள இருக்கிற நேரம் சாராயம் குடிச்சா முகம் சிவந்து நெஞ்சு அடிச்சு பிரஷர் விழுந்து உயிரே போகலாம், அதாலதான் குடிக்கிறவருக்குத் தெரிஞ்சு அவற்ற சம்மதத்தோட மட்டும் குடுக்க வேணும் எண்டு சொல்லுறது.

இடையில ஒரு நாள் சறுக்கினா, அடுத்த மீட்டிங்குக்கு அதே கதிரைக்கு வாங்கோ. ஒருத்தரும் "நாங்கள் அப்பவே நினைச்சனாங்கள்" எண்டு சொல்ல மாட்டினம். அங்க இருக்கிற கனபேர் ஒரே தடவையில நிண்டவை இல்ல. வந்து சொல்லுறதுக்கு வெக்கமா இருந்தா ஸ்பொன்சருக்கு மட்டும் முதல்ல சொல்லுங்கோ, ஆனா ஒளிச்சு வைச்சுக்கொண்டு ஒண்டும் நடக்காத மாதிரி வந்து இருக்காதேங்கோ, அது உள்ள இருந்து அரிக்கும். நாளாந்தம் குடிக்கிற அளவுக்குத் திரும்பிப் போயிருந்தா, மேல சொன்ன டொக்டர் விசயம் திரும்பவும் பொருந்தும்.

கொஞ்சம் நிலைச்சு நிண்டவைக்கு ஒரு வேலை இருக்கு. ரெண்டு மூண்டு குடிநோயாளியள் குடிய விடுறதுக்கெண்டு ஒண்டு கூடினா, வேற ஒரு இயக்கத்தோடயும் சேராத வரைக்கும், அவை தங்களை ஒரு ஏஏ குழு எண்டு சொல்லலாம் எண்டு அவையின்ர மரபிலயே இருக்கு. அதாவது கொழும்பில தமிழ்ல இன்னொரு மீட்டிங் வேணும் எண்டா ஆரிட்டயும் அனுமதி கேட்டு நிக்கத் தேவையில்ல. இப்ப இருக்கிற குழுவில சொல்லி, அதில வாற தமிழ் ஆக்கள் ரெண்டு பேரச் சேத்து, கிழமையில ஒரு பின்னேரம் ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு சின்ன அறை தேடுங்கோ, சேர்ச் ஹோலோ வாசிகசாலையோ சனசமூக நிலையமோ, ஓசியா வாங்காம சின்ன வாடகை ஒண்டு குடுங்கோ, அப்பத்தான் ஆரும் பிறகு சொந்தம் கொண்டாட மாட்டினம். கதிரை, ஒரு பிளாஸ்க் பிளேன்டீ, 12 படியின்ர தமிழ்ப் பிரதி. நாளையும் நேரத்தையும் மாத்தாம வையுங்கோ, ஒரு கிழமைக்கு ஒருத்தரும் வராட்டியும் ரெண்டு பேரும் போய்க் கதவத் திறந்து அந்த ஒரு மணித்தியாலமும் இருங்கோ, 1926க்கு எடுக்கிற தமிழ் ஆள் ஒருத்தருக்கு உங்கட மீட்டிங் இருக்கு எண்டு சொல்லக்கூடிய மாதிரி அந்த விபரத்த அவையளுக்கும் மெல் மெதுரவுக்கும் குடுத்து வையுங்கோ.